டிடிஐயு (சேவைப் பாதிப்பால் வேலை செய்ய இயலாதவருக்கான பலன்) நிராகரிப்பு: ஒவ்வொரு பாதிப்பையும் தனித்தனியாகப் பார்த்து "வேலை செய்யலாம்" என்று முடிவு கட்டுவது சரியா?

#1 தேன்மொழி_டெக்ஸஸ்

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். கிரீன் கார்டு இல்லாமல் சட்டப்படி இங்கே வசித்தவர்களை மொழித் திறனுக்காகவும் மருத்துவப் படிப்புக்காகவும் எடுத்த திட்டம் அது. 2009-இல் ஆள் எடுக்கத் தொடங்கி 2016-இல் நிறுத்தினார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. மாணவர் விசாவில் வந்த இவர் அப்படித்தான் சீருடை போட்டார். வாகனப் பிரிவில் இருந்தார், ஆப்கானிஸ்தான் போய் வந்தார்.

இப்போது விஏ (முன்னாள் படைவீரர் நலத்துறை) பாதிப்புகளுக்குக் கொடுத்திருக்கும் சதவீதம்: பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தம்) 50, இடுப்பு முதுகெலும்பு 40, இடது காலில் இறங்கும் நரம்பு வலி 10, காது இரைச்சல் 10. ஒவ்வொன்றையும் மிச்சமிருக்கும் பகுதியில் கணக்கிடும் விஏ முறையில் சேர்த்தால் 80. கிடங்கு வேலையை இரண்டு வருடம்கூட நிறுத்திப் பிடிக்க முடியவில்லை. அப்புறம் இரவுக் காவல், அதுவும் போய்விட்டது. கடைசியாக என் அண்ணன் மளிகைக் கடையில் உட்கார வைத்தோம். வாடிக்கையாளர் குரல் உயர்த்தினால் பின்னறைக்குப் போய்விடுவார். முதுகு பிடித்துக்கொண்ட நாளில் வரவே மாட்டார். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சம்பளத்தையும் குறைத்ததில்லை. வேறு எந்த முதலாளி அப்படி இருப்பார்?

21-8940 படிவம் போட்டு டிடிஐயு கேட்டோம். நிராகரித்துவிட்டார்கள். கடிதத்தில் இருப்பதன் சாரம் இதுதான்: மனநலப் பரிசோதகர், மற்றவர்களோடு அதிகம் பழகத் தேவையில்லாத வேலையைச் செய்யலாம் என்கிறார். முதுகைப் பார்த்தவர், உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம் என்கிறார். காது இரைச்சலால் வேலைக்குத் தடையில்லை. ஆகவே வேலை செய்ய இயலாதவர் என்று கருத முடியாது. கூடவே ஒரு வரி, "நீங்கள் தற்போது சில்லறை வணிகத்தில் பணிபுரிகிறீர்கள்."

நான்கு பாதிப்பும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன? அதைச் சேர்த்துப் பார்த்த ஒரு வாக்கியம்கூட அந்தக் கடிதத்தில் இல்லை. இது சட்டப்படி சரியா? சரியில்லை என்றால் எந்த வழியில் போக வேண்டும்?

#2 ஆல்பனி_ரவி

சகோதரி, முதலில் முடிவுக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் அடுத்த படி எடுத்தால் பழைய தேதியிலிருந்தே பணம் கணக்காகும். அந்த வருடம் தாண்டினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பழைய மாதங்கள் போய்விடும். மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

#3 பழைய_மேசை

நான் விஏவில் ரேட்டராக, அதாவது கோரிக்கைக் கோப்புகளைப் பார்த்து முடிவு எழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்றவன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். தேன்மொழி சொல்வது நான் நிறையப் பார்த்த பிழை. அது எப்படி நடக்கிறது என்று சொன்னால் எங்கே அடிக்க வேண்டும் என்பது உங்களுக்கே புரியும்.

விதி 38 சிஎஃப்ஆர் (மத்திய அரசின் விதித் தொகுப்பு) 4.16(அ). ஒரே பாதிப்பு 60 சதவீதம் இருக்க வேண்டும். அல்லது பல பாதிப்பு இருந்தால் ஒன்றாவது 40, மொத்தம் 70. உங்கள் கணவர் இந்த வாசலைத் தாண்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: சேவையால் வந்த இந்தப் பாதிப்புகளால் அவரால் ஒரு வேலையைப் பெற்று, அதில் நிலைத்து, பிழைக்கும் அளவு சம்பாதிக்க முடியுமா? விதியில் பாதிப்பு என்பது பன்மையில் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாக ஆளை முடக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

ஆனால் மேசைக்கு வரும் கோப்பு எப்படி இருக்கும்? பெரும்பாலான பரிசோதனைகளை இப்போது ஒப்பந்த நிறுவனங்களின் மருத்துவர்கள் செய்கிறார்கள். மனநலத்துக்கு ஒருவர், முதுகுக்கு ஒருவர், காதுக்கு ஒருவர். ஒவ்வொரு படிவத்தின் கடைசியிலும் "இந்தப் பாதிப்பு வேலையைப் பாதிக்கிறதா" என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த மருத்துவர் தன் பகுதிக்கு மட்டும் பதில் எழுதுவார். அது அவர் தவறல்ல, அவரிடம் கேட்டது அவ்வளவுதான். மூன்று பதிலையும் சேர்த்து யோசிக்க வேண்டியவர் ரேட்டர். கீப் வழக்கில் 2013-இல் ஃபெடரல் சர்க்கியூட் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. எல்லாப் பாதிப்பையும் சேர்த்து ஒரே மருத்துவக் கருத்து வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, ஏனென்றால் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வது தீர்ப்பளிப்பவரின் பொறுப்பு. நடப்பில் என்ன ஆகிறது என்றால், மருத்துவரும் சேர்த்துப் பார்ப்பதில்லை, ரேட்டரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மூன்று "செய்யலாம்"களை அடுக்கிவிட்டு நான்காவதாக ஒரு "ஆகவே" போடுகிறார்கள்.

ஏன் என்று கேட்டால், ரேட்டருக்குத் தினசரிப் புள்ளிக் கணக்கு உண்டு. டிடிஐயு சுலபமான கோப்பு அல்ல. வேலை வரலாறு, படிப்பு, பழைய முதலாளி நிரப்பும் 21-4192 படிவம், சில நேரம் சமூகப் பாதுகாப்புத் துறையின் கோப்பு என்று எல்லாவற்றையும் படிக்க வேண்டும். முதுகின் வளைவை டிகிரியில் அளந்து அட்டவணையில் ஒப்பிடுவதுபோல இதற்கு அட்டவணை கிடையாது. அதோடு 2022 ஆகஸ்டில், நச்சுப் பொருள் பாதிப்புகளுக்குப் பலனை விரிவாக்கிய பாக்ட் சட்டம் வந்த பிறகு கோப்புகள் மலையாகக் குவிந்தன. புதிதாக எடுத்தவர்கள் நிறைய. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் இந்த மாதிரிக் கோப்புக்கு வேண்டிய நிதானம் பழகப் பழகத்தான் வரும்.

தரச் சோதனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார் என்று ஒரு தேசிய அளவிலான துல்லியச் சோதனை உண்டு. முடிந்த கோப்புகளில் சிலவற்றை எடுத்துச் சரிபார்ப்பார்கள். படிவம் வாங்கினீர்களா, முதலாளிக்குக் கடிதம் போட்டீர்களா, தேதி சரியா, இதெல்லாம் நன்றாகப் பிடிபடும். ஆனால் "செய்யலாம்" என்ற அந்த முடிவு வரும்போது, அது ரேட்டரின் மதிப்பீடு என்று விட்டுவிடும் போக்கு இருக்கிறது. ஒரே கோப்பை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு விடை வரலாம், இரண்டுமே பிழையில்லாதவையாகக் கணக்கில் ஏறலாம். என் பார்வையில் துல்லியம் என்ற பேச்சின் முக்கியமான ஓட்டை இதுதான்.

#4 கணக்கர்_நியூஜெர்சி

எனக்கு இந்தத் துறை நேரடியாகத் தெரியாது. ஆனால் அரசுத் தணிக்கை அறிக்கைகளைப் படிக்கும் வழக்கம் உண்டு. ஜிஏஓ (அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு) 2015 ஜூனில் இதே பலன் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2013 நிதியாண்டில் டிடிஐயுவுக்காகக் கூடுதலாகக் கொடுத்த தொகை சுமார் 520 கோடி டாலர். 2009-ஐவிடப் பயனாளிகள் 22 சதவீதம் அதிகம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

இன்னொன்றும் அதில் இருந்தது. பயனாளிகள் தங்கள் வருமானத்தைத் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். அதை மத்திய வருமானத் தரவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை விஏ 2012-இல் நிறுத்தியிருந்தது. அப்படியானால் தகுதியில்லாத சிலருக்குப் போய்க்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்கவே வழியில்லை.

தேன்மொழி அவர்களின் கணவர் விஷயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் துல்லியம் என்று பேசினால் இரண்டு பக்கமும் பேச வேண்டும். கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காததும் பிழை, கொடுக்கக் கூடாதவருக்குக் கொடுத்ததும் பிழை. 80 வயதில் ஒருவர் "வேலை செய்ய முடியவில்லை" என்றால் அது ராணுவத்தாலா, வயதாலா?

#5 தேன்மொழி_டெக்ஸஸ்

கணக்கர் சார், கேள்வி நியாயமானதுதான். என் கணவருக்கு 38 வயது. வயதைக் காரணமாகச் சொல்ல வழியில்லை. கடைச் சம்பளத்தை ஒரு டாலர் விடாமல் படிவத்தில் எழுதினோம். ஒளிக்க நினைத்திருந்தால் அந்த ஒரு வரியே கடிதத்தில் வந்திருக்காது.

#6 மேனகா_மறுவாழ்வு

தேன்மொழி, நான் வேலைவாய்ப்பு மறுவாழ்வு ஆலோசகர். சமூகப் பாதுகாப்பு ஊனக் கோரிக்கைகளில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன், முன்னாள் படைவீரர்களுக்கும் கருத்துரை எழுதித் தருகிறேன். "உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம்" என்ற வாக்கியத்தைப் பார்த்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கும். எந்த வேலை? எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும்? மாதத்தில் எத்தனை நாள் வராமல் இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள்? இது எதற்கும் அதில் பதில் இல்லை.

நடைமுறையில் பாருங்கள். படிப்பும் அனுபவமும் குறைவாகத் தேவைப்படும் உட்கார்ந்த வேலைகளில் நிறைய எவை? வாடிக்கையாளர் அழைப்பு மையம், முன்மேசை, கல்லாப்பெட்டி. எல்லாமே நாள் முழுக்க மனிதர்களோடு மல்லுக்கட்டும் வேலை. மனிதர்களோடு அதிகம் பழகாத வேலைகள் எவை? கிடங்கு, இரவுத் துப்புரவு, சரக்கு ஏற்றுவது. எல்லாமே முதுகை ஒடிக்கும் வேலை. ஒரு மருத்துவர் முதல் வகையை அடைக்கிறார், இன்னொருவர் இரண்டாவது வகையை அடைக்கிறார். இரண்டும் அடைபட்ட பிறகு மிச்சம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் கணவரின் கோப்பில் நடந்தது துல்லியமாக இதுதான். கிடங்கு வேலையும் காவல் வேலையும் அவர் கையைவிட்டுப் போன காரணமும் இதுதான்.

ரே என்ற வழக்கில் 2019-இல் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆளின் படிப்பு, பயிற்சி, வேலை வரலாறு. தூக்குவது, குனிவது, உட்காருவது, நிற்பது, நடப்பது, தட்டச்சு செய்வது போன்ற உடல் திறன். ஞாபகம், கவனம், மாற்றத்தைத் தாங்குவது, வேலையிட அழுத்தத்தைச் சமாளிப்பது, சக ஊழியரோடு ஒத்துப்போவது, நம்பி இருக்கும்படி தினமும் வருவது போன்ற மனத் திறன். உங்கள் கடிதத்தில் இதில் எத்தனை வந்திருக்கிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். 1993-இலேயே வான் ஹூஸ் வழக்கில் அளவுகோலைச் சொல்லியிருக்கிறார்கள். வேலை கிடைக்கிறதா என்பதைப் பார்க்கக் கூடாது, வேலைக்குத் தேவையான உடல், மனச் செயல்களை அவரால் செய்ய முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சமூகப் பாதுகாப்புத் துறையில் வயது, படிப்பு, அனுபவம் மூன்றையும் வைத்து ஓர் அட்டவணை உண்டு. விசாரணையில் வேலைவாய்ப்பு நிபுணர் ஒருவர், இந்த வரம்புகளோடு நாட்டில் இன்ன வேலைகள் உள்ளன அல்லது இல்லை என்று சொல்வார். விஏவில் அப்படி ஒரு படியே கிடையாது. வேலைச் சந்தையைப் பற்றிப் பயிற்சி இல்லாத ரேட்டர், வேலைச் சந்தையைப் பற்றிய கேள்விக்கு விடை எழுதுகிறார். பழைய_மேசை ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். நாங்கள் பார்த்தவரை பிழையின் ஊற்று அங்கேதான்.

அப்புறம் கடை. 4.16(அ)விலேயே இருக்கிறது: ஆண்டு வருமானம், தனி ஆளுக்கான சென்சஸ் வறுமைக் கோட்டைத் தாண்டாவிட்டால் அது விளிம்பு நிலை வேலை, பிழைப்புக்கான வேலையாகக் கணக்கில் வராது. அந்தக் கோடு சமீப ஆண்டுகளில் பதினைந்து, பதினாறாயிரம் டாலர் அளவில் இருக்கிறது. வருமானம் அதைத் தாண்டினாலும்கூட, குடும்பத் தொழில் போன்ற பாதுகாக்கப்பட்ட சூழலில் செய்தால் அதுவும் விளிம்பு நிலை வேலையாகலாம். விதியே குடும்பத் தொழிலைத்தான் உதாரணமாகச் சொல்கிறது! அண்ணன் கடையைவிட வேறு என்ன உதாரணம் வேண்டும்? 2017-இல் கேன்ட்ரெல் வழக்கில் நீதிமன்றம், ஒரு வேலை பாதுகாக்கப்பட்ட சூழல் இல்லை என்று விஏ சொன்னால் ஏன் இல்லை என்பதற்கு விளக்கம் கொடுக்க வேண்டும் என்றது. "தற்போது பணிபுரிகிறீர்கள்" என்ற ஒரு வரி விளக்கம் ஆகாது.

#7 பழைய_மேசை

கோபம் எதற்கு அம்மா, நீங்கள் சொன்னது உண்மை. எங்களுக்குச் சட்டமும் மருத்துவச் சொற்களும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு அழைப்பு மையத்தில் எட்டு மணி நேரம் எப்படிப் போகும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கணக்கருக்கு ஒரு பதில். வயதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது 38 சிஎஃப்ஆர் 4.19. இது இரண்டு பக்கமும் வெட்டும் விதி. வயதானவர் என்பதற்காகக் கொடுக்கவும் கூடாது, மறுக்கவும் கூடாது. சேவையோடு தொடர்பில்லாத சர்க்கரை, மாரடைப்பு எதையும் சேர்க்கவும் கூடாது. 80 வயதுக்காரரின் கோப்பில் ரேட்டர் செய்ய வேண்டியது, அவருடைய சேவைப் பாதிப்புகளை மட்டும் பிரித்தெடுத்து, இதே படிப்பும் அனுபவமும் உள்ள ஒருவரால் இவற்றோடு வேலை செய்ய முடியுமா என்று கேட்பது. கடினமான காரியம்தான். ஆனால் வழி இருக்கிறது.

2017 பட்ஜெட் முன்மொழிவில் ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு இந்தப் பலனை நிறுத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. முன்னாள் படைவீரர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. சில வாரங்களில் அப்போதைய விஏ செயலர் ஷுல்கின் பின்வாங்கிவிட்டார். வியட்நாமிலிருந்து முறிந்து வந்து முப்பது வருடம் சேமிப்பே இல்லாமல் வாழ்ந்தவருக்கு, மற்றவர்களைப் போல ஓய்வூதியம் சேர்ந்திருக்காது. வேலை செய்ய முடியாமல் போன வருடங்களின் இழப்பு 65 வயதில் தீர்ந்துவிடுவதில்லை.

அந்த ஜிஏஓ அறிக்கையை நானும் படித்தேன். நீங்கள் எடுத்துக்காட்டாத பகுதியும் அதில் இருக்கிறது. ரேட்டர்களுக்கான வழிகாட்டுதல் முழுமையாக இல்லை, எந்தக் காரணிகளைப் பார்ப்பது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, தரச் சோதனை முறை அந்த ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடிக்கும்படி இல்லை என்று அவர்கள் எழுதினார்கள். அறிக்கையின் தலைப்பே முடிவுகளுக்குப் போதிய ஆதாரம் இருப்பதை உறுதிசெய்வது பற்றியதுதான். 2024-இல் விஏ தலைமை ஆய்வாளர் அலுவலகமும் இதே பலனின் முடிவுகளில் துல்லியம் மேம்பட வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. ஒன்பது வருட இடைவெளியில் இரண்டு தணிக்கை அமைப்புகள் ஒரே இடத்தில் விரல் வைத்திருக்கின்றன.

#8 கப்பல்காரன்

கடற்படையில் இருபது வருடம். என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பும் பிழை ஒன்று இருக்கிறது.

தளத்தில் ஒரே ஒரு விபத்து. ஏணியிலிருந்து விழுந்தேன். தோள் 30, முழங்கால் 30, கழுத்து 20. விஏ கணக்கில் 30-உம் 30-உம் 51, மிச்சமிருக்கும் 49-இல் 20 சதவீதம் சேர்த்தால் 61, அதை 60 என்று எடுப்பார்கள். கடிதம் வந்தது: "உங்களுக்கு 40 சதவீதப் பாதிப்பு ஒன்றுகூட இல்லை, மொத்தம் 70-உம் இல்லை, ஆகவே அட்டவணைத் தகுதி இல்லை."

4.16(அ)வில் இன்னும் நாலு வரி கீழே படித்தால், ஒரே விபத்தில் வந்த பாதிப்புகள் அனைத்தும் ஒரே பாதிப்பாகக் கணக்கில் எடுக்கப்படும் என்று இருக்கிறது. ஒரே நோய்க் காரணம், ஒரே உடல் மண்டலம், போரில் ஏற்பட்ட பல காயங்கள் இவற்றுக்கும் அப்படியே. என் மூன்றும் சேர்ந்து ஒரே 60. தகுதி இருக்கிறது! மூன்றும் ஒரே நாளில் ஒரே ஏணியிலிருந்து வந்தவை என்பது என் சேவை மருத்துவக் கோப்பின் ஒரே பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை.

தகுதி இல்லாதவர்களுக்கும் 4.16(ஆ) என்று ஒரு வழி உண்டு, இழப்பீட்டுப் பிரிவின் இயக்குநருக்கு அனுப்பி முடிவு கேட்கலாம். அதற்கும் அனுப்பவில்லை. மேல்நிலை மறுஆய்வில்தான் சரியானது. அந்த மூத்த ஆய்வாளர் தொலைபேசியில் என்னிடம் பொறுமையாகப் பேசினார், விதியின் வரியை நான் படித்தபோது அவரும் கூடவே திறந்து பார்த்தார். அவரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

#9 கணக்கர்_நியூஜெர்சி

பழைய_மேசை ஐயா, அறிக்கையின் அந்தப் பகுதியை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒத்துக்கொள்கிறேன், வருமானச் சோதனையைவிட முடிவின் ஆதாரம்தான் அதில் முதல் விஷயம். ஆனால் வருமான ஒப்பீட்டை விட்டுவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். இப்போது சமூகப் பாதுகாப்புத் துறையின் வருமானத் தரவோடு ஒப்பிட்டு, வரம்பைத் தாண்டியவர்களுக்கு மட்டும் 21-4140 என்ற வேலை விவரப் படிவம் அனுப்புகிறார்கள் என்று தெரிகிறது. அது நல்ல மாற்றம்.

ஒரு கேள்வி. அப்படி வரம்பைத் தாண்டினால் உடனே நிறுத்திவிடுவார்களா?

#10 பழைய_மேசை

கூடாது. 3.343(இ)படி, நிறுத்துவதற்கு முன் அந்த வேலையில் தொடர்ந்து 12 மாதம் இருந்திருக்க வேண்டும், வேலை செய்ய முடிகிறது என்பதற்கு தெளிவான, நம்பவைக்கும் ஆதாரமும் வேண்டும். முயன்று பார்க்க ஆளுக்கு இடம் கொடுக்கத்தான் அந்த விதி. பலன் போய்விடுமோ என்று பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு இது தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

தேன்மொழி, இப்போது உங்கள் விஷயம். மூன்று வழி. மேல்நிலை மறுஆய்வு, படிவம் 20-0996. புதிய ஆதாரம் சேர்க்க முடியாது, இருப்பதை மூத்தவர் ஒருவர் புதிதாகப் பார்ப்பார், தொலைபேசி உரையாடல் கேட்கலாம். துணைக் கோரிக்கை, 20-0995. புதிய, தொடர்புள்ள ஆதாரம் ஏதாவது வேண்டும். மேல்முறையீட்டு வாரியம், 10182, இதில் காத்திருப்பு நீளம்.

எதையும் போடுவதற்கு முன் கடிதத்தில் "சாதகமான கண்டறிதல்கள்" என்ற பகுதியைத் தேடுங்கள். 2019 பிப்ரவரியில் புதிய மேல்முறையீட்டு முறை வந்ததிலிருந்து அதை எழுதியாக வேண்டும். அதில் இருப்பது அடுத்து வருபவரைக் கட்டுப்படுத்தும், வெளிப்படையான பிழை இருந்தால் ஒழிய மாற்ற முடியாது. முதுகு வலியால் நீண்ட நேரம் உட்கார முடியாது என்று எங்காவது ஏற்றுக்கொண்டிருந்தால், "உட்கார்ந்த வேலை செய்யலாம்" என்ற முடிவு அதோடு மோதும். 20-10206 போட்டு முழுக் கோப்பையும், பரிசோதனைப் படிவங்களையும் வாங்குங்கள். கடிதத்தில் வருவது சுருக்கம்தான். மருத்துவர் எழுதிய பாதி வாக்கியத்தை மட்டும் எடுத்துப் போட்டதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

என் யோசனை மேல்நிலை மறுஆய்வு. சேர்த்துப் பார்க்காதது, கடையைப் பற்றி விசாரிக்காதது, இரண்டும் கோப்பின் முகத்திலேயே தெரியும் பிழை.

#11 மேனகா_மறுவாழ்வு

நான் இதில் வேறுபடுகிறேன். பிழையைக் காட்டுவதோடு வேலை முடியாது. கோப்பில் இப்போது இருப்பது மூன்று "செய்யலாம்"கள். மூத்தவர் சேர்த்துப் பார்த்தாலும் கையில் இருப்பது அவைதான். துணைக் கோரிக்கை போட்டு, அண்ணனின் எழுத்து வாக்குமூலம், பழைய சக ஊழியர் ஒருவரின் கடிதம், முடிந்தால் வேலைவாய்ப்பு நிபுணரின் கருத்து, இவற்றைச் சேர்த்தால் கோப்பின் எடையே மாறும். அண்ணன் எழுதும்போது "நல்ல பையன், கஷ்டப்படுகிறான்" என்று எழுத வேண்டாம். எந்த வாரம் எத்தனை மணி நேரம், எத்தனை முறை பின்னறைக்குப் போனார், அந்த நேரம் யார் கல்லாவில் நின்றது, வெளி ஆளாக இருந்தால் வேலையில் வைத்திருப்பீர்களா, இதை எழுதச் சொல்லுங்கள்.

யாராவது முதல் கோரிக்கைக்கே காசு கேட்டால் விலகிவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் பிரதிநிதிகள் காசு வாங்குவதில்லை. அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர்கூட முதல் முடிவு வந்த பிறகுதான் கட்டணம் பேசலாம்.

#12 ஆல்பனி_ரவி

ஒன்று விட்டுப்போகக் கூடாது. டிடிஐயு கிடைத்தால் 100 சதவீத விகிதம் வரும். 2025 கணக்கில் தனி ஆளுக்கு 80 சதவீதம் மாதம் 2,044.89 டாலர், 100 சதவீதம் 3,831.30 டாலர். ஆனால் அதற்கும் மேலே எஸ்எம்சி-எஸ் (சிறப்பு மாத இழப்பீடு) என்று ஒரு படி இருக்கிறது, மாதம் இன்னும் 450 டாலருக்கு மேல். ஒரே ஒரு பாதிப்பின் பேரில் டிடிஐயு கிடைத்து, மற்றவை தனியாகச் சேர்ந்து 60 வந்தால் அது உரிமை. 2008 பிராட்லி வழக்கு. கேட்காவிட்டாலும் விஏவே பார்க்க வேண்டும். கொடுத்த முடிவுகளிலேயே இதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது, என் மாமாவுக்கு அப்படித்தான் விடுபட்டிருந்தது.

தேன்மொழி, உங்கள் கணவருக்கு இன்று அது வராது. முதுகு 40, கால் 10, காது 10 சேர்ந்தால் 51, அது 50 ஆகிவிடும். ஆனால் கால் நரம்பு மிதமான நிலை என்று 20 ஆனால் 57, அதாவது 60. பிடிஎஸ்டி 70 ஆகி அதன் பேரில் மட்டும் டிடிஐயு கிடைத்தால் கதவு திறக்கும். கால் மரத்துப்போவதை மருத்துவரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிப் பதிவாக்குங்கள்.

#13 தேன்மொழி_டெக்ஸஸ்

எல்லோருக்கும் நன்றி. இழை அமைதியாகிவிட்டது என்றாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

முழுக் கோப்பை வாங்கினோம். பழைய_மேசை ஐயா சொன்னது அப்படியே இருந்தது. முதுகைப் பார்த்த மருத்துவர் எழுதியது: உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம், ஆனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிலை மாற்ற வேண்டும், வலி கூடும் நாட்களில் படுத்திருக்க நேரிடும். கடிதத்தில் "ஆனால்"-க்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு படைவீரர் அமைப்பின் பிரதிநிதி மூலம் மேல்நிலை மறுஆய்வு போட்டோம். உரையாடலில் அவர் மூன்று விஷயம் மட்டும் பேசினார்: பாதிப்புகளைச் சேர்த்துப் பார்க்காதது, மருத்துவரின் பாதி வாக்கியம், கடையைப் பற்றி அண்ணனுக்கு 21-4192 அனுப்பாதது. மூத்த ஆய்வாளர் மூன்றாவதை, ஆதாரம் திரட்ட உதவும் விஏவின் கடமையில் ஏற்பட்ட பிழை என்று ஏற்றுக்கொண்டு கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். புதிய பரிசோதனைக்கும் உத்தரவு. பழைய தேதி பாதுகாப்பாக இருக்கிறது. கோப்பு திறந்திருப்பதால் மேனகா அக்கா சொன்ன மாதிரி அண்ணனின் வாக்குமூலத்தையும் இப்போதே சேர்க்கப் போகிறோம்.

இப்போது 21-4192 அண்ணன் கைக்கு வந்திருக்கிறது. "சலுகைகள் ஏதும் அளிக்கப்பட்டதா" என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கட்டம்தான் இருக்கிறது. அதற்குள் எப்படி எழுதுவது?

#14 மேனகா_மறுவாழ்வு

கட்டத்தில் "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதிவிட்டுத் தனித் தாளில் விரிவாக எழுதுங்கள். ஒவ்வொரு தாளின் மேலும் கணவரின் பெயரும் விஏ கோப்பு எண்ணும் இருக்கட்டும், ஸ்கேன் ஆகும்போது பிரிந்து போனாலும் சேர்ந்துவிடும். வராத நாட்களுக்கும் சம்பளம் கொடுத்ததை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள், சம்பளப் பட்டியல் இருந்தால் அதையும் வைக்கட்டும். புதிய பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போங்கள், முதுகைப் பார்த்த பழைய படிவத்தின் நகலை அந்த மருத்துவர் கையில் கொடுங்கள்.

#15 பழைய_மேசை

அனுப்பும் முன் வாக்குமூலத்தின் வரைவை இங்கே போடுங்கள் அம்மா, பெயர்களை மறைத்துவிட்டு. சேர்ந்து பார்க்கிறோம்.